எஸ்கோவின் பதினொரு கணினிகள்

எஸ்கோ ஹூஸ்கனென் கடையில் வாங்கிய காப்பிப்பொடியை வீட்டுக்கு வந்ததும் தராசில் வைப்பான். பொட்டலத்தில் ஐந்நூறு கிராம் என்று போட்டிருக்கும். தராசு நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு காட்டும். "பாத்தியா, திருட்டுப் பசங்க" என்று ஆளில்லாத சமையலறையில் சொல்லிக்கொள்வான். கடைக்கு மூன்று கடிதம் எழுதினான். தொல்லை பொறுக்காமல் ஒரு பொட்டலத்தை இலவசமாகவே அனுப்பி வைத்தார்கள். அதையும் நிறுத்துப் பார்த்தான். அதிலும் எட்டு கிராம் குறைந்தது.

இந்தக் குணம் வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டதா, குணத்துக்கேற்ற வேலை வாய்த்ததா, தெரியவில்லை. பின்லாந்தின் தம்பெரே நகரக் குடிநீர்த் துறையின் மீட்டர் சோதனை அறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறான். வீடுகளிலிருந்து கழற்றி வரும் தண்ணீர் மீட்டர்கள் உண்மை சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. கூடுதலாக ஓடும் மீட்டரைக் கண்டால் சந்தேகப்படுவான். குறைவாக ஓடினால் அதைவிடச் சந்தேகம். துல்லியமாக ஓடினாலோ, இது எப்படி என்று மறுபடி ஒருமுறை மாட்டிப் பார்ப்பான். ஐம்பத்தேழு வயது, தனிக்கட்டை. மனைவி விட்டுப் போனதற்கும் இந்தக் குணத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் அவனிடம் கேட்டதில்லை. கேட்டால், உன்னை யார் கேட்கச் சொன்னது என்பான்.

சாயங்காலத்தில் அவனுக்கு இன்னொரு வேலை உண்டு. சம்பளம் கிடையாது, நன்றி கிடையாது, வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். தொண்ணூறுகளில் ஒரு ஜப்பானியக் கேம் பெட்டி வந்தது. நாலே வருடத்தில் கடைகளிலிருந்து காணாமலும் போனது. அதன் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டுவதற்கு, அந்தப் பெட்டியைப் போலவே வேஷம் கட்டும் எமுலேட்டர் ஒன்றை எஸ்கோவும் அவன் பள்ளித்தோழன் ராய்மோ கெல்ட்டோவும் எழுதினார்கள். குயிக்கா என்று ஏரியில் முங்கி நீந்தும் பறவையின் பெயரை வைத்தார்கள். பெட்டியின் மூளையாக நடிக்கும் பகுதி ராய்மோவுடையது. திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் லைப்ரரி முழுக்க எஸ்கோ எழுதியது.

படம் வரைவதில் இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டுக்கும் அதற்கே உரிய பாஷை இருக்கிறது. அதில் பேசினால் சிட்டாகப் பறக்கும், ஆனால் மற்ற கார்டுக்கு ஒரு எழவும் புரியாது. எல்லாக் கார்டுக்கும் புரிகிற பொதுப் பாஷையும் ஒன்று இருக்கிறது. அது சுற்றி வளைத்துப் பேசும். எஸ்கோ பொதுப் பாஷைக்காரன். வீட்டில் ஒரு சுவர் முழுக்க அலமாரி, அதில் பதினொரு கணினிகள், பதினொன்றும் வெவ்வேறு காலம், வெவ்வேறு கார்டு. பதினொன்றில் எதில் ஓடாவிட்டாலும் அந்த மாற்றம் லைப்ரரிக்குள் வராது. இந்தச் சட்டத்தை அவனே எழுதி, திட்டத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தான்.

இதற்குக் கொடுத்த விலை வேகம். நிஜப் பெட்டி நொடிக்கு அறுபது படம் வரையும். மலைப்பாதைக் கார்ப் பந்தயம் ஒன்று உண்டு. குயிக்காவில் அது நாற்பத்தொன்றைத் தாண்டாது. கார் சேற்றில் போவது போலப் போகிறது என்று உலகமெல்லாம் புலம்பும். பதினைந்து வருடமாக எஸ்கோ ஒரே பதிலைத்தான் சொன்னான். எல்லார் வீட்டிலும் ஓடவேண்டும் என்றால் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், அவசரமென்றால் நிஜப் பெட்டியைத் தேடி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படியிருக்கையில், மார்ச் மாதம் கெமி என்ற வடக்கத்தி ஊரிலிருந்து காய்சு வன்ஸ்கா என்று ஒருத்தி படம் வரையும் பகுதி ஒன்றைப் புதிதாக எழுதி அனுப்பினாள். காகித ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் பதினான்கு வருடம் இருந்தவள். ஆலையை மூடியபின் பள்ளிப் பிள்ளைகளை டாக்சியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்தாறு. அவள் பெயரை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. அவள் எழுதியது இரண்டு வகைக் கார்டுகளில் மட்டும்தான் ஓடும், லைப்ரரியைத் தொடாத தனிப் பகுதி என்பதால் எஸ்கோவின் சட்டம் அதற்குப் பொருந்தாது. ஆனால் அதே கார்ப் பந்தயம் தொண்ணூற்றேழு படம் போனது.

எஸ்கோவுக்கு மூக்கு வியர்த்தது. இவ்வளவு வேகம் நியாயமாக வராது. ஒன்றுவிட்டு ஒரு படத்தை வரையாமல் ஏமாற்றுகிறாள் என்று முதலில் நினைத்தான். ஒரு நிமிட ஓட்டத்தின் மூவாயிரத்து அறுநூறு படங்களையும் எடுத்து, தன்னுடைய படங்களோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டான். ஒன்றுகூடப் பிசகவில்லை. நல்ல மனுஷனாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பான். இவனுக்குச் சந்தேகம் இரட்டிப்பாகி, அவளுடைய நிரலை வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தான்.

மூன்றாம் வாரம் ஒன்று சிக்கியது. காரின் நிழலை வரைவதற்கு முன்னால், நினைவகத்தில் ஒரு சின்ன இடத்தை அவள் இரண்டு முறை துடைத்தாள். ஒருமுறை துடைத்தால் பழைய நிழல் தங்கிவிடும் என்பது அந்தப் பெட்டியின் கோளாறு என்று சோதித்ததில் தெரிந்தது. அது எந்தப் பொது ஆவணத்திலும் இல்லை. எஸ்கோவின் இப்போதைய லைப்ரரியிலும் இல்லை. அவன் நிழலை வேறு விதமாக வரைந்தான். அப்படியென்றால் இவளுக்கு எப்படித் தெரிந்தது?

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன், பெட்டியைச் செய்தவர்களின் உள்தாள்கள் எங்கிருந்தோ கசிந்து இணையத்தில் சுற்றின. எமுலேட்டர் எழுதுகிறவர்கள் அதைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது. பார்த்தவன் எழுதினால் அது திருட்டு. வழக்கு வந்தால் மொத்தத் திட்டமும் போய்விடும். அதனால் குயிக்காவுக்கு எழுதும் ஒவ்வொருவரும் "நான் பார்க்கவில்லை" என்று கையெழுத்துப் போடுவார்கள். ஒருவர்மேல் சந்தேகம் என்று யாராவது பொதுவில் எழுதிவிட்டால், அது தீரும்வரை அவருடைய நிரல் பூட்டில் இருக்கும்.

எஸ்கோ எழுதினான். ஏழே வரி. "இது தாள்களில் இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது, நான் பார்க்கவில்லை. வேறெங்கும் இல்லை என்பது மட்டும் தெரியும்."

அந்த ஏழு வரி காய்சுவின் சோற்றில் மண்ணைப் போட்டது. பழைய விளையாட்டுகளை முறையாக உரிமை வாங்கி மறுபடி வெளியிடும் சின்ன நிறுவனம் ஒன்று ஓலு நகரில் இருக்கிறது. அவள் அனுப்பியதைப் பார்த்துவிட்டு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கை சுத்தம்தான் அவர்களுக்கு முதல் தகுதி. "சந்தேகம் தீரட்டும், ஜூலைக் கடைசிவரை இடத்தை வைத்திருக்கிறோம்" என்று இழுத்துவிட்டார்கள்.

உங்களுடைய பழைய பதிப்பில்தான் அந்தக் குறிப்பு இருக்கிறது என்று காய்சு பதில் எழுதினாள். எஸ்கோ தேடினான். பழைய பதிப்புகளைப் புது இடத்துக்கு மாற்றியபோது குறிப்புகளையெல்லாம் அவனே துப்புரவாக அழித்திருந்தான். ஒன்றும் அகப்படவில்லை. அவள் அந்தக் கோப்பை அனுப்புவதாகச் சொன்னாள். கோப்பை யாரும் இன்றைக்கு எழுதிப் பழைய தேதி போடலாம் என்று எஸ்கோ அவள் வாயை அடைத்தான். கடைசியில் ராய்மோ குறுக்கே வந்து, ஜூலையில் தன் ஏரிக்கரைக் குடிலில் எல்லாரும் கூடும்போது நேரில் பேசித் தீர்க்கலாம் என்றான்.

சனிக்கிழமை நண்பகலில் எஸ்கோவின் வேன் குடிலுக்கு வந்தது. போர்வை சுற்றிய பதினொரு கணினிகளும் அதில் இருந்தன. காய்சு கெமியிலிருந்து முந்தைய இரவே ரயிலேறி வந்திருந்தாள். குட்டையான முடி, டாக்சிக்காரியின் தோள்பை, பேச்சு குறைவு. சௌனா என்னும் நீராவிக் குளியலறையில் முதல் சுற்று அவளுக்கு. அவள் ஏரியில் குதித்தெழுந்து வந்தபின் ஆண்கள் போனார்கள்.

மேல்பலகையில் ராய்மோவும் எஸ்கோவும் மட்டும்தான் தாக்குப்பிடித்தார்கள். ராய்மோ கொதிக்கும் அடுப்புக் கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டான்.

"உண்மையைச் சொல்லு. அந்தப் பொம்பளை திருடினான்னு நிஜமா நம்புறியா?"

"நம்புறது நம்பாதது இல்லடா. எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டேன். கேக்கறது தப்பா?"

"கேட்டியா? ஊரைக் கூட்டி அவ மூஞ்சியில கரியைப் பூசிட்டு, கேட்டேன்கிற."

"திட்டம் நாசமாப் போனா உனக்குப் பரவாயில்லையா?"

"திட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது. உனக்குத்தான் வயித்தெரிச்சல். பதினஞ்சு வருஷமா எழுதினதைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்களோன்னு பயம்."

எஸ்கோவுக்குப் பயம்தான். அவளுடைய பகுதி உள்ளே வந்தால் ஆறு மாதத்தில் எல்லாரும் அந்தப் பக்கம் போவார்கள். பொதுப் பாஷையை யாரும் சீண்டமாட்டார்கள். பழைய கணினிக்காரர்கள் தெருவில் நிற்பார்கள். அவர்களைவிட முன்னால் தான் நிற்க நேரும் என்பதும் அவனுக்குத் தெரியும். அது வெட்கமாக இருந்தது.

"உலகத்துல எல்லாரையும் சோதிக்கற," என்றான் ராய்மோ. "உங்க வீட்டுத் தராசை எவன்டா சோதிச்சான்?"

"அது நல்ல தராசு," என்று சொல்லிவிட்டு எஸ்கோ இறங்கிப் போனான்.

வெளியே மரத்தளத்தில் நீள மேஜை. புது உருளைக்கிழங்கு, சதகுப்பை இலை, நெருப்பில் வெடித்துக்கொண்டிருந்த மக்காரா என்னும் தொத்திறைச்சி. குயிக்காவுக்கு எழுதும் மற்ற நாலு பேர் தட்டோடு ஒதுங்கி உட்கார்ந்து, சண்டைக்காகக் காத்திருந்தார்கள். காய்சு கைதுடைத்துவிட்டு, தோள்பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து எஸ்கோவின் முன்னால் வைத்தாள்.

"இது யாரு கையெழுத்துன்னு பாருங்க."

எஸ்கோ கண்ணாடியை மாட்டினான். சிடியின்மேல் கறுப்பு மார்க்கரில் குயிக்கா என்று எழுதியிருந்தது. கீழே 17/20. அதற்கும் கீழே ஒரு கோணல் கையெழுத்து.

பதினைந்து வருடத்துக்கு முன், ஹெல்சின்கியில் நடந்த கோடைக் கணினித் திருவிழாவில் குயிக்காவின் முதல் பதிப்பை இருபது சிடிகளில் எழுதி அவன்தான் விநியோகித்தான். எவனாவது நகல் எடுத்துத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வானோ என்ற பயத்தில் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் கையெழுத்தும் போட்டான். இலவசமாகத் தருவதற்கு இவ்வளவு பாதுகாப்பா என்று அன்றைக்கே சிரித்தார்கள்.

"நீங்கதான் கையில குடுத்தீங்க," என்றாள் காய்சு. "நகல் எடுக்காதீங்கன்னு மிரட்டிட்டுக் குடுத்தீங்க. ஆலையில ராத்திரி ஷிப்ட்ல மெஷின் ஓடிட்டே இருக்கும், எனக்கு வேலை இருக்காது. இதைப் படிச்சுத்தான் நான் எழுதக் கத்துக்கிட்டேன். படிக்கறேன், கேளுங்க."

ராய்மோ கணினியில் சிடியைப் போட்டான். காய்சு அந்தக் குறிப்பைத் திரையில் காட்டி உரக்கப் படித்தாள். "இந்த இடத்தை இரண்டு முறை துடைக்கவும். ஒருமுறை போதாது, நிழல் தங்குகிறது. ஏன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மூன்று நாள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தது. எ. ஹூ."

நாலு பேரில் ஒருவன் வாயிலிருந்த மக்காராவைத் துப்பிவிட்டுச் சிரித்தான். எஸ்கோவின் காது சிவந்தது. எழுதியதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. கசிந்த தாள்களிலிருந்து திருடியதாக எண்ணி, தன் கையால் கொடுத்ததைப் பிடுங்கப் பார்த்திருக்கிறான். இருந்தும் அவன் நாக்கு அடங்கியதா? இல்லை.

"சரி. குறிப்பு என்னோடது. ஒத்துக்கறேன். தொண்ணூத்தேழு எப்படி வந்துச்சு? கார்டோட சொந்தப் பாஷையில பேசினா கூடும், தெரியும். ரெண்டு மடங்குக்கு மேல கூடாது."

"கூடாதுதான்," என்றாள் காய்சு. "அதுல ஏழெட்டுப் படம்தான் பாஷையால வந்தது. மிச்சம் உங்க அடுத்த வரியை விட்டதால வந்தது."

குறிப்பின் அடுத்த வரியை அவளே படித்தாள். "கார்டு வரைந்து முடிக்கும்வரை இங்கே காத்திரு. இல்லாவிட்டால் என் மடிக்கணினியில் படம் துடிக்கிறது. தற்காலிகம். அடுத்த வாரம் எடுத்துவிடவும்."

அந்த வரி எஸ்கோவுக்கு நன்றாகவே தெரியும். அப்பக்கல்லில் ஒரு கரண்டி மாவை ஊற்றிவிட்டு, அது வேகும்வரை அடுத்த மாவைக்கூடக் கலக்காமல் கைகட்டி நிற்பது போன்ற வரி அது. ஒவ்வொரு படத்துக்கும் கணினி கைகட்டி நின்றது. தற்காலிகம் என்று எழுதியதுதான் மறந்துபோயிருந்தது. பொதுப் பாஷைக்குக் கொடுத்தே தீரவேண்டிய விலை என்று பதினைந்து வருடமாக எல்லாரிடமும் சாதித்து, அவனும் அதையே நம்பியிருந்தான்.

"அதை எடுக்க முடியாது," என்றான். "எடுத்தா பதினோராவதுல துடிக்கும்."

"தெரியும். எங்க வீட்டுப் பழைய கணினிகள்ல உங்க லைப்ரரியில அந்த ஒரு வரியை எடுத்துட்டு ஓட்டினேன். எதுலயும் துடிக்கல. எண்பத்தொம்பது போச்சு. ஆனா பதினொண்ணுல எதுல ஓடாட்டாலும் அனுப்பாதேன்னு முதல் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கீங்களே. அந்த வரியைத் தொட்டா நீங்க படிக்கக்கூட மாட்டீங்க. அதான் ஏழு மாசம் உக்காந்து தனியா எழுதினேன்."

"நீ எழுதிக் கேட்டிருக்கலாமே," என்றான் ராய்மோ.

"ஒருத்தர் கேட்டதுக்கு இவர் என்ன பதில் போட்டார்னு படிச்சிருக்கேன். அதைப் படிச்சப்பறம் கேக்கத் தைரியம் வருமா?"

எஸ்கோ விறைப்பாக எழுந்து வேனுக்குப் போய்ப் பதினோராவது கணினியைக் கொண்டுவந்தான். மூலை தேய்ந்த கறுப்பு மடிக்கணினி. அவன் முதல் பதிப்பை எழுதியது அதில்தான். காத்திருக்கும் வரியை அவன் கையாலேயே எடுத்துவிட்டுக் கார்ப் பந்தயத்தை ஓட்டினான். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. விசிறி கத்த ஆரம்பித்தது. ஆறாவது நிமிடம் படம் வெடவெடவென்று துடித்தது.

"பாத்தீங்களா?" என்றான். குரலில் ஒரு சந்தோஷம்கூட வந்துவிட்டது.

காய்சு குனிந்து துடிக்கும் திரையையே பார்த்தாள். "ஆலையில ஒரு அளவுக்கருவி ஏறுமாறாக் காட்டினா, முதல்ல இன்னொரு கருவியை மாட்டிப் பாப்போம். நீங்க மாட்டிப் பாத்தீங்களா?"

மீட்டர் சோதிப்பவனிடம் கேட்கிறாள் இதை!  ராய்மோ உள்ளேயிருந்து டிவியைத் தூக்கி வந்து, ஒரு கம்பியால் மடிக்கணினியோடு இணைத்தான். ஒரே படம் இரண்டு திரையிலும் ஓடியது. மடிக்கணினியின் மூடியில் கார் துடித்தது. டிவியில் அதே கார், அதே நொடியில், வழுக்கிக்கொண்டு போனது.

காய்சு மூடியின் கீல் பக்கம் விரலால் லேசாக அழுத்தினாள். துடிப்பு நின்றது. விரலை எடுத்தாள், துடித்தது.

"மூடிக்குப் போற வயர் லூசு," என்றாள். "சூடானா விட்டுப்போகுது. காத்திருந்தா கார்டுக்கு ஓய்வு, சூடாகறதில்லை. அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது எஸ்கோவுக்கு. ஒரு லூசு வயர். அதற்காக உலகம் முழுக்க எத்தனையோ ஆயிரம் கணினிகள் பதினைந்து வருடம் கைகட்டி நின்றிருக்கின்றன. வேகத்துக்கும் பொதுப் பாஷைக்கும் ஆகாது என்று எத்தனை பேரோடு மல்லுக்கட்டினான், எத்தனை பேரை விரட்டினான்! பத்துக் கணினிகளையும் பதினோராவதை வைத்து அளந்தான். பதினோராவதை எதை வைத்தும் அளக்கவில்லை.

உருளைக்கிழங்கு ஆறிப்போய்விட்டது. ராய்மோ காப்பி ஊற்றினான். காய்சுதான் பேசினாள்.

"என்னோடதை எடுத்துடுங்க. தேவையில்லை. அந்த ஒரு வரியை எடுத்தா போதும், எல்லார் வீட்டுலயும் ஓடும்."

"ஏழு மாசம் எழுதினது," என்றான் எஸ்கோ.

"ஆமா. எழுதினேன்." அவள் காப்பியைத் தள்ளி வைத்தாள். "அதைப் பத்திப் பேசாதீங்க. திங்கக்கிழமை ஓலுவுல முடிவு பண்றாங்க. அதைப் பாருங்க."

அந்த மேஜையிலேயே உட்கார்ந்து எஸ்கோ பொதுவில் எழுதினான். குறிப்பு தன்னுடையது, சந்தேகம் தப்பு, கெட்டது தன் கணினி என்று மூன்றே வரி. காத்திருக்கும் வரியை நீக்கியவர் என்ற இடத்தில் காய்சு வன்ஸ்கா என்று போட்டான். முதல் பக்கத்துச் சட்டத்தில் பதினொன்றை அழித்துப் பத்து என்று மாற்றினான்.

திங்கட்கிழமை காலையில் சோதனை அறைக்குத் தொலைபேசி வந்தது. ஓலு நிறுவனத்தின் தலைவி. எஸ்கோ ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்திவிட்டு எடுத்தான்.

"நீங்க எழுதினதைப் படிச்சோம்," என்றாள் அவள். "ஆனா ஏப்ரல்ல நீங்கதான் சந்தேகம்னு எழுதினீங்க. ஜூலையில இல்லைங்கறீங்க. அவங்க உங்களோட பேசிச் சரிக்கட்டலைன்னு எப்படி நம்பறது?"

எஸ்கோவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவனும் இதையேதான் கேட்டிருப்பான். 

"நம்பாதீங்க," என்றான். "சிடி ராய்மோகிட்ட இருக்கு. பதினேழாம் நம்பர். வரவழைச்சு நீங்களே பாருங்க. என் மடிக்கணினியையும் அனுப்பறேன், வேற திரையில மாட்டிப் பாருங்க. அவங்களை எங்க வேணா, எத்தனை தரம் வேணா சோதிங்க. சரியாத்தான் இருப்பாங்க."

"அப்ப நாங்க யாரைத்தான் சந்தேகப்படறது?"

"என்னைச் சந்தேகப்படுங்க," என்றான் எஸ்கோ. "நான் சோதிக்காம சொல்லிட்டேன்."

 சிடி தேவையில்லை, காய்சுவை ஆகஸ்டு முதல் தேதி வேலைக்கு வரச்சொல்கிறோம் என்றாள் தலைவி. எஸ்கோ தொலைபேசியை வைத்தான். மேஜையடியில், காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையலறைத் தராசு இருந்தது. அதை எடுத்து, கதவைத் தாளிட்டுக்கொண்டு, அரசாங்க முத்திரை குத்திய ஐந்நூறு கிராம் எடைக்கல்லை அதன்மேல் வைத்தான். நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு காட்டியது.